பத்து நகல்

ஐந்தரைக்கு என்று பேச்சு.
நான் ஐந்தேகாலுக்கே தெப்பக்குளம் வந்துவிட்டேன்.
அது அவனுக்குத் தெரியக் கூடாது.

முதலில் வந்து நிற்பவள் தோற்றவள்.
யார் போட்ட சட்டமோ.
காது பரிசோதனை மையத்தில் என்னோடு வேலை பார்க்கும் செலின்
சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னது:
"கொஞ்சம் காயட்டும்டீ.
காஞ்சாத்தான் அப்பளம் பொரியும்."

ஆகவே மூலை மருந்துக்கடைக்குள் ஒதுங்கினேன்.
கடைக்காரர் என்ன வேணும் என்றார்.
ஒளிய இடம் வேணும் என்றா சொல்ல முடியும்?
தொண்டைக்கு மிட்டாய் கேட்டேன்.
பிறகு பஞ்சு.
பிறகு, அவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்ததால்,
முட்டி வலிக்கு ஒரு களிம்பு.

போன வாரம் முழுக்க இதே கணக்குத்தான்.
அவன் "சாப்டாச்சா" என்று கேட்டால்
நாற்பது நிமிடம் கழித்து ஒரு "ம்".
அந்த நாற்பது நிமிடமும்
தட்டில் சோறு ஆறும், நான் திரையைப் பார்ப்பேன்.
அவனும் லேசுப்பட்டவனில்லை.
செவ்வாய் இரவு நான் எழுதிய பதினாறு வரிக்கு
புதன் மதியம் ஒரு கட்டைவிரல்.
வெறும் கட்டைவிரல்.
வடக்குவெளி வீதியில் பேரிங் விற்கிறவன்,
உருளுகிற எதையும் எங்கே நிறுத்துவதென்று
தெரிந்திருக்கும்போல.

ஐந்து இருபத்தெட்டு.
"கிளம்பிட்டீங்களா?"
"கோரிப்பாளையம் சிக்னல். செம டிராஃபிக்."
உடனே வந்தது பதில்.
உடனே! அதிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நிமிர்ந்தால்
எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடை வாசலில்
குபேந்திரன்.
மடிப்புக் கலையாத பழுப்புச் சட்டை,
தூணுக்குப் பின்னால் முக்கால் உடம்பு,
கண் மட்டும் குளத்துப் படிக்கட்டில்,
நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில்.

சிரிப்பு முட்டியது.
"நானும் பாலத்துலதான். குருவிக்காரன் சாலை.
நகரவே மாட்டேங்குது."
படித்தான். தோள் இறங்கியது.
நிம்மதியா, ஏமாற்றமா?
எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று
முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு.
இதைச் சொல்லத் தெரியவில்லை.

ஜெராக்ஸ் கடைப் பெண் அவனிடம் ஏதோ கேட்டாள்.
தயங்கி,
பர்சிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினான்.
இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
பத்து.

ஐந்தேமுக்காலுக்கு இரண்டு பேரும்
படிக்கட்டில் ஒன்றாக மூச்சு வாங்கினோம்.
"ரொம்ப நேரமாச்சா?"
"இப்பத்தான். நீங்க?"
"இப்பத்தான்."

சுருட்டிய தாள்களைக்
"கடை வேலை" என்று ஓரமாக வைத்தான்.
குளத்துக் காற்றுக்கு அது தெரியுமா?
ஒன்று பறந்து என் செருப்பில் ஒட்டியது.
எடுத்துக் கொடுப்பதற்குள் கண் படித்துவிட்டது.
முப்பத்தொன்று என்றவனுக்கு முப்பத்து நாலு.
முழுசாக மூன்று வருடம்!
நான் இரண்டுதான் குறைத்திருந்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. மடித்துக் கொடுத்தேன்.
அவன் என் பையைப் பார்த்தான்.
களிம்பு தலையை நீட்டிக்கொண்டிருந்தது.
"முட்டி வலியா?"
"அம்மாவுக்கு."
"ஓ" என்றான்,
ஒரு சுண்டலை மெதுவாக மென்று முடித்தான்.
"அந்தக் கடையில எல்லாமே ரேட்டு கூடங்க.
அடுத்த தடவை உள்ள நிக்கிறதா இருந்தா
தண்ணி பாட்டில் மட்டும் வாங்குங்க."

குளத்தில் ஒரு நீர்க்கோழி முங்கியது.
எங்கே எழும் என்று
ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
இருவரும்,
காது மடல் சூடாக.

இரவு ஒன்பதுக்கு வந்தது:
"வீடு சேந்தாச்சா?"
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
செலினையும் அப்பளத்தையும் நினைத்துக்கொண்டேன்.
நாலு நிமிடம்.
அதற்கு மேல் முடியவில்லை.
கட்டிலில் படுத்தபடியே அனுப்பினேன்:
"இல்ல. இன்னும் சிக்னல்லதான்."